வெல்லம் பூசிய கடல்

கிருஷ்ணப்பன் வீட்டில் ஒரு பிடி கேழ்வரகு கிடையாது. விவசாயி வீடுதான், சுற்றிலும் கேழ்வரகுக் காடுதான். ஆனால் அறுப்பு முடிந்த சூட்டோடு மூட்டைகள் எல்லாம் டெம்போ ஏறி, தளியில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் ஹரிணியின் மாடி வீட்டுக்குப் போய்விடும். வெல்லம் கிடையாது, உப்பு மூட்டை கிடையாது, வாழைத்தார் கிடையாது. வாசலில் தலைமுறையாகக் காய்த்துக்கொண்டிருந்த பலா மரத்தை, கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த முதல் வாரத்திலேயே ஆள் விட்டு வெட்டிவிட்டார். ஜவளகிரிக் காட்டோரம் குடியிருக்கிறவன் வாய்க்கு ருசியாக எதையும் வீட்டில் வைக்கக்கூடாது என்பது அவர் கட்சி. அவர் பயந்தது திருடனுக்கு அல்ல, யானைக்கு.

யானைக்கு யார்தான் பயப்படவில்லை? கார்த்திகை பிறந்தால் கர்நாடகக் காட்டிலிருந்து கூட்டங்கூட்டமாக இறங்கிவிடும். ஆனால் அந்தப் பக்கத்து ஜனங்கள் பயந்துகொண்டே பால் கறந்தார்கள், பயந்துகொண்டே தண்ணீர் பாய்ச்சினார்கள், பயந்துகொண்டே பிள்ளை பெற்று வளர்த்தார்கள். கிருஷ்ணப்பனுக்குப் பயப்படுவதே முழுநேர வேலை. அவரைக் கேலி செய்கிறவர்கள் அவருடைய அப்பா எப்படிச் செத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காவலுக்குப் பரணில் படுத்திருந்த மனிதரைப் பரணோடு சாய்த்துவிட்டது ஒற்றை யானை. பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்த கிருஷ்ணப்பன் வீட்டுக்குள் போர்வைக்கு அடியில் கிடந்தபடி அதைக் கேட்டார். அப்பா ஒரே தடவைதான் கூப்பிட்டார். அப்புறம் கூப்பிடவில்லை.

வளர்ந்ததும் ஓடினார். ஐ.டி.ஐ. முடித்து, ஓசூர் சிப்காட்டில் பிரேக் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். கல்யாணம் ஊரிலேயே நடந்தது. சரோஜம்மாளைக் கட்டிக்கொண்டார், ஊரில் குடித்தனம் வைத்தார், தான் மட்டும் ஓசூரில் ஓர் ஒற்றை அறையில் தங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருவார், வெயில் சாய்வதற்குள் திரும்பிப் போய்விடுவார். ஊர்ப் பெண்கள் சரோஜம்மாளை "ஞாயித்துக்கெழம பொண்டாட்டி" என்று கிண்டல் பண்ணினார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். மீதி ஆறு நாளும் அவள் அந்த வீட்டில், கைக்குழந்தையோடு, யானை பிளிறும் ராத்திரிகளை எப்படிக் கழித்தாள் என்று யாரும் கேட்டதில்லை. கிருஷ்ணப்பனும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம் அதிலும் இருந்தது.

இப்படிப்பட்ட மனிதருக்கு வெள்ளைக்காரன் காலத்துக் கப்பல் படங்கள் சேர்க்கும் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்பதுதான் வேடிக்கை.

சரோஜம்மாளின் தம்பி பாஸ்கரன் பாகலூர் சாலையில் பழைய மரச்சாமான் கடை வைத்திருந்தான். பெங்களூரில் பழைய பங்களாக்களை இடித்து அபார்ட்மெண்ட் கட்டும்போது கதவு, ஜன்னல், தேக்கு உத்தரம் எல்லாம் லாரியில் ஏறி அவன் கடைக்கு வரும். வழியில் கதவும் கதவும் உரசாமல் இருக்க நடுவில் கோணி, அட்டை, கிழிந்த மெத்தை என்று கையில் கிடைத்ததைச் சொருகி அனுப்புவார்கள். ஒரு நாள் கிருஷ்ணப்பன் தன் வீட்டுக்கு ஜன்னல் வாங்கப் போயிருந்தார். இரண்டு கதவுகளுக்கு நடுவே சொருகியிருந்தது ஒரு படம். தடித்த துணியில் எண்ணெய் வண்ணம் பூசி வரைந்தது. தங்கமுலாம் சட்டத்தை யாரோ கண்ணாடி மாட்டக் கழற்றிக்கொண்டு, படத்தைக் குப்பையாக்கி விட்டிருந்தார்கள்.

தூரத்தில் பாய்மரம் முறிந்த ஒரு கப்பல். முன்னால் ஒரு சின்னப் படகு. படகைவிட உயரமாக ஓர் அலை எழும்பி வருகிறது. படகில் ஒருவன் நின்றுகொண்டு நீளத் துடுப்பை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான். முகம் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். வாய் திறந்திருந்தது. அந்த முகத்தில் இருந்த பயம் கிருஷ்ணப்பனுக்குப் பழக்கமான பயம். தினமும் சவரம் பண்ணும்போது பார்க்கிற பயம். ஆனால் அந்த ஆள் துடுப்பை விடவில்லை. அவனுக்குப் பின்னால் படகின் அடிப்பகுதி முழுக்கப் பழைய வார்னிஷ் கறுத்துப்போய், மூட்டைபோல ஏதோ ஒன்று இருட்டாகத் தெரிந்தது.

"இவன் ஏன்டா ஓடாம நிக்கிறான்?" என்று கேட்டார் கிருஷ்ணப்பன்.

"எங்கெ ஓடுவான் மாமா? சுத்தியும் தண்ணி" என்றான் பாஸ்கரன்.

அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. ஓட இடமில்லாவிட்டாலும் மனிதன் கண்ணை மூடிக்கொள்ளலாம், உட்கார்ந்து அழலாம், போர்வைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம். இவன் அலையை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கிருஷ்ணப்பன் ஜன்னலோடு படத்தையும் வாங்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து லாரி வந்தால் பாஸ்கரன் போன் பண்ணுவான். ஷிப்ட் இல்லாத நாட்களில் கிருஷ்ணப்பனே பெங்களூர் போய்ப் பழைய சாமான் கடைகளில் தூசி தின்பார். கம்பெனியில் தரம் பார்க்கிற பூதக்கண்ணாடியை இரவல் வாங்கிக்கொண்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, அச்சடித்ததா வரைந்ததா என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டார். ஆயிரத்து எண்ணூறுகளில் இங்கிலாந்துக்காரர்கள் வரைந்ததாக இருக்க வேண்டும், பாய்மரக் கப்பலாக இருக்க வேண்டும், காற்று அடித்துக்கொண்டிருக்க வேண்டும். துறைமுகத்தில் சாதுவாக நிற்கிற கப்பலை அவர் சீந்தமாட்டார். நீராவிக் கப்பலையும் தொடமாட்டார். எஞ்சின் வைத்திருக்கிறவனுக்குக் காற்றிடம் என்ன பயம் என்பார். குதிரைப் படம், துரைசானி படம் எல்லாம் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். வரைந்தவர்கள் பெரிய பேர் எடுத்தவர்கள் அல்ல. சிலதில் மூலையில் இரண்டு எழுத்து இருக்கும், சிலதில் அதுவும் இருக்காது. அவருக்கு அது பொருட்டே இல்லை. படத்துக்குள் பயந்த மனுஷன் இருக்கிறானா என்பதுதான் அவர் பார்க்கிற தரம்.

இத்தனைக்கும் கடலை அவர் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். கம்பெனி டூரில் மகாபலிபுரம் போனபோது மற்றவர்கள் எல்லாம் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு அலையில் குதிக்க, இவர் பஸ்ஸிலேயே உட்கார்ந்து எல்லாருடைய செருப்புக்கும் காவல் இருந்தார்.

ஓய்வு பெற்றபின் ஓசூரில் இருப்பதற்குச் சாக்கு இல்லாமல் போயிற்று. படங்களைப் பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். முன்பக்கம் கான்கிரீட் மோல்டிங் போட்ட இரண்டு அறைகள், பின்பக்கம் பழைய நாட்டு ஓட்டு அறை ஒன்று. பின் அறையின் வடக்கு ஜன்னல் காட்டைப் பார்த்தது. பாஸ்கரனிடம் வாங்கிய அந்தத் தேக்கு ஜன்னல்தான். அதை அவர் எப்போதும் திறந்ததே இல்லை. வெயில் படாத சுவர் என்று படங்களை அங்கேதான் மாட்டினார்.

"என்னாங்க இது, வூடு பூரா தண்ணியாக் கெடக்குது?" என்றாள் சரோஜம்மாள். மற்றபடி அவள் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. ஒரே ஒரு தடவைதான் கோபப்பட்டாள். பழைய வண்ணத்தின் மேல் படிந்த அழுக்கை எடுக்க மனித எச்சிலைவிட நல்ல மருந்து கிடையாது என்று கிருஷ்ணப்பன் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தார். பஞ்சை வாயில் வைத்து நனைத்து, படகுக்காரன் படத்தின் ஓர் ஓரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் பார்த்துவிட்டாள்.

"ச்சீ! எச்சியப் போட்டுத் தேய்க்கிறீங்களா? சாமி வெளக்கு ஏத்துற வூடுங்க இது. இன்னொரு தபா அதெச் செஞ்சீங்கன்னா படத்தெத் தூக்கி அடுப்புல வெச்சிடுவேன்."

சொன்னால் செய்கிறவள்தான். அதோடு எச்சில் வைத்தியம் நின்றது. படகின் அடியில் இருந்த கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

போன வருஷம் ஐப்பசி மழையில் சரோஜம்மாள் மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்தாள். தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. கையலம்ப, கால்கழுவ வசதியாகப் பின் அறையை ஒட்டித்தான் மேனாட்டுக் கக்கூஸ் கட்டியிருந்தார்கள். ஆகவே அவளுடைய இரும்புக் கட்டிலைப் பின் அறையில், படங்களுக்கு அடியில் போட்டார்கள். கிருஷ்ணப்பன் சோறு வடித்தார், பால் கறந்தார், அவளுக்குத் தலை வாரிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இவ்வளவு பேசியதில்லை. ஒவ்வொரு படத்தையும் காட்டிக் கதை சொல்வார். அவள் ஒவ்வொரு கதையிலும் ஓட்டை கண்டுபிடிப்பாள்.

"இந்தத் துடுப்புக்காரன் பின்னால என்னாங்க, கறுப்பா?"

"மூட்டையா இருக்கும். அரிசி, கோதுமை ஏதாவது."

"உசுரு போற நேரத்துல மூட்டையெ எவனாவது ஏத்துவானா? உங்க ஆளுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்குது" என்று சொல்லிச் சிரித்தாள்.

கார்த்திகை முடிகிறவரை மழை விடவில்லை. ஈரக்காற்றில் படத்துணிகள் தொய்ந்து, இரண்டு மூன்று கிழியத் தொடங்கின. கிருஷ்ணப்பனுக்கு மனசு ஆறவில்லை. மறுபடியும் போனைப் பார்த்தார். பின்பக்கம் புதுத் துணி ஒட்டினால் பழைய துணி தாங்கும் என்று ஒரு வெள்ளைக்காரன் செய்து காட்டினான். மாவுக் கஞ்சி, தச்சர்கள் காய்ச்சுகிற வஜ்ஜிரம், அதோடு கொஞ்சம் பாகு. பாகு சேர்ந்தால் பசை இறுகி வெடிக்காதாம். கிருஷ்ணப்பன் மைதா வாங்கினார், வஜ்ஜிரம் வாங்கினார், பாலக்கோட்டு வெல்லம் வாங்கினார். எல்லாவற்றையும் பாஸ்கரன் கடையிலேயே வைத்துக் காய்ச்சி, பெயிண்ட் டப்பாவில் ஊற்றி மூடி எடுத்துவந்தார். இவ்வளவு உஷாரான மனிதர் இதைச் செய்யலாமா என்றால், அவரைப் பொறுத்தவரை வீட்டுக்குள் வெல்லம் வரவில்லை. பசைதான் வந்தது.

எல்லாப் படங்களுக்கும் பின்னால் கோரா துணியை ஒட்டி, நிறையப் பசை பூசி, மறுபடியும் சுவரில் மாட்டினார். மூடின அறையில் அது காயவில்லை. பூஞ்சை பிடித்துவிடும் என்ற பயம் வந்தது. ஒரு பயம் இன்னொரு பயத்தை ஜெயித்தது. வருஷக்கணக்காகத் திறக்காத வடக்கு ஜன்னலைத் திறந்து வைத்தார்.

மறுநாள் சுவரில் எறும்பு சாரை சாரையாகப் போயிற்று. எறும்புகள் ஜன்னல் வழியாக ஏறி, படங்களின் பின்னால் போய் மறைந்தன. கிருஷ்ணப்பன் எறும்புச் சாக்கட்டியால் ஒரு கோடு கிழித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார். எறும்புக்குப் புரிந்தது அவருக்குப் புரியவில்லை.

அன்று சாயங்காலம் பால் கேனோடு சொசைட்டிக்குப் போயிருந்தார். மார்கழிப் பனி சீக்கிரமே இறங்கி, ஏரிக்கரைப் பனைமரங்கள் பாதிக்கு மேல் தெரியவில்லை. பால் ஊற்றிக்கொண்டிருந்த எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டது. யானை விரட்டும் குழுவில் இருக்கிற மூர்த்தி, வனத்துறைக்காரன், குரல் செய்தி அனுப்பியிருந்தான்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. ஒத்தை ஆனை ஒண்ணு ஏரிக்கரையெத் தாண்டிக் கிருஷ்ணப்பண்ணன் வூட்டுப் பக்கமாப் போவுது. பக்கத்துல வராதீங்க. நாங்க அந்தப் பக்கம் தளி ரோட்டுல இருக்கிறோம், வர நேரமாவும்."

அதற்குள் மொட்டைமாடியிலிருந்து ஒருவர் கன்னடத்தில் "ஆனெ பந்தைதெ! ஆனெ!" என்று கத்தினார். சொசைட்டி கட்டடம் கெட்டியான கான்கிரீட். எல்லாரும் ஏணியைப் பிடித்தார்கள். முதல் ஆளாக ஏறியவர் யாரென்று சொல்லத் தேவையில்லை. நாலாவது படியில் இருக்கும்போதுதான் கிருஷ்ணப்பனுக்கு வடக்கு ஜன்னல் ஞாபகத்துக்கு வந்தது. அது திறந்திருக்கிறது. அதை ஒட்டிக் கட்டிலில், எழுந்திருக்க முடியாமல், சரோஜா கிடக்கிறாள்.

அவருக்குத் தைரியம் வந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். கீழே இருந்தவர்களை இடித்துக்கொண்டு இறங்கினார். "அண்ணே, எங்கெ போறீங்க? பைத்தியமா?" என்று யாரோ சட்டையைப் பிடித்தார்கள். சட்டைப் பொத்தான் தெறித்தது. அவர் வீட்டைப் பார்த்து ஓடினார். ஓடிக்கொண்டே "வேணாம், வேணாம்" என்று முனகிக்கொண்டிருந்தார். யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. யானை இருக்கிற திசையில் அவர் ஓடியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பாதி வழியில் மரம் முறிகிற சத்தம் கேட்டது. தேக்கு முறிகிற சத்தம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஜன்னல் போய்விட்டது.

முன்வாசல் வழியாக நுழைந்தார். வீட்டுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின் அறையின் வாசலில் வந்து நின்றார். அதற்கு மேல் கால் போகவில்லை. ஜன்னல் இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. ஓட்டைக்கு வெளியே பனியை மறைத்துக்கொண்டு அது நின்றது. தும்பிக்கை அறைக்குள் முழு நீளத்துக்கு வந்திருந்தது. கட்டிலில் சரோஜம்மாள் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல் கிடந்தாள். தும்பிக்கை அவளுடைய மாவுக்கட்டை முகர்ந்தது. காலிலிருந்து வயிறு, வயிற்றிலிருந்து முகம். அவள் முகத்தில் அடித்த மூச்சில் தலைமுடி பறந்தது. கிருஷ்ணப்பனைப் பார்த்துவிட்டாள். வராதீங்க என்று உதடு மட்டும் அசைந்தது.

தும்பிக்கை அவளை விட்டுவிட்டுச் சுவருக்குப் போயிற்று. ஜன்னலை ஒட்டி மாட்டியிருந்த சின்னப் படத்தைத் தடவி, பின்பக்கத்தை முகர்ந்து, ஆணியோடு பிடுங்கி வெளியே இழுத்தது. சட்டம் நொறுங்கியது. பிறகு மெல்லுகிற சத்தம் கேட்டது. நிதானமாக, ருசித்து மெல்லுகிற சத்தம்.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. வெல்லம். எறும்பு. ஜன்னல். ஒவ்வொன்றும் தன் கையாலேயே செய்தது. யானை வருமென்று வாசல் பலா மரத்தையே வெட்டியவன், பெண்டாட்டியின் தலைமாட்டில் இனிப்புப் பூசி மாட்டி வைத்திருக்கிறேன் என்று நினைத்தார். அழுகை வந்தது. அழ நேரமில்லை. தின்று முடித்ததும் யானை சுவரை முட்டியது. மண் சாந்துச் சுவர். மேலே இருந்து நாலைந்து ஓடுகள் கட்டில்மேல் விழுந்தன.

கிருஷ்ணப்பன் உள்ளே போனார். எதிர்ச்சுவரில் இருந்த படத்தைக் கழற்றி ஓட்டை வழியாக வெளியே எறிந்தார். தும்பிக்கை அதன் பின்னால் போயிற்று. அந்த இடைவெளியில் கட்டிலை இழுத்துப் பார்த்தார். கழற்றிக் கொண்டுவந்து உள்ளே வைத்துப் பூட்டிய கட்டில் அது, வாசலில் நுழையாது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவளைத் தூக்கவும் அவரால் முடியாது. சரோஜம்மாள் அவரைவிடக் கனம். போர்வையோடு சேர்த்துத் தரையில் இறக்கினார். மாவுக்கட்டு தரையில் மோதியபோது அவள் தொண்டைக்குள் ஒரு சத்தம் எழுந்து அங்கேயே அமுங்கியது. தும்பிக்கை மறுபடியும் உள்ளே வந்தது. இன்னொரு படம் போனது. ஒரு முழம் இழுத்தார். இன்னொரு படம். இன்னும் ஒரு முழம். எத்தனை வருஷமாகத் தூசி தின்று தேடிச் சேர்த்த புயல்கள், பாய்மரங்கள், பயந்த மனிதர்கள், எல்லாம் ஒவ்வொன்றாக அந்த ஓட்டை வழியாக வெளியே போயின. கை நடுங்கினாலும் ஆணியிலிருந்து படத்தைக் கழற்ற முடிகிறது என்பதை அவர் அன்று தெரிந்துகொண்டார்.

வாசல்படிக்கு இரண்டடி இருக்கும்போது தும்பிக்கை அவர் தோளைத் தொட்டது. ஈரம், சூடு, வெல்ல வாசனை. கிருஷ்ணப்பனுக்கு மூத்திரம் பிரிந்துவிட்டது. சுவரில் பாக்கி இருந்தது ஒரு படம்தான். படகுக்காரன். கையை நீட்டி எடுத்தார். ஒரு கணம் அதை மார்போடு வைத்துக்கொண்டார்.

"அதெயா?" என்றாள் தரையில் கிடந்த சரோஜம்மாள், மெதுவாக.

படத்தைத் தும்பிக்கையின் முன்னால் நீட்டினார். அது வாங்கிக்கொண்டது. அவர் போர்வையின் இரண்டு முனைகளையும் பிடித்து, உயிரைக் கொடுத்து இழுத்து, அவளை வாசல்படி தாண்டி மோல்டிங் அறைக்குள் கொண்டுவந்து, கதவைச் சாத்தி, கதவுக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்தார். பின்னால் சுவர் சரிகிற சத்தம் கேட்டது. கட்டில் நசுங்கியது. அவளுடைய கை அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பற்றிக்கொண்டது. மூர்த்தியின் ஆட்கள் டிராக்டரில் வந்து வெடி போட்டு, யானை ஏரிப்பக்கம் இறங்கிப்போய், ஊரே வந்து கதவைத் தட்டிய பிறகும் அந்தக் கை சட்டையை விடவில்லை.

விடிந்ததும் பாஸ்கரன் வந்தான். பின் அறை இருந்த இடத்தில் ஓட்டுக் குவியல்தான் இருந்தது. நிலத்தில் அங்கங்கே சட்டத் துண்டுகளும் மிதிபட்ட துணிகளும் கிடந்தன. ஒரு படத்தில் பாதிக் கப்பல் இருந்தது, ஒன்றில் வெறும் வானம். பாஸ்கரன் எல்லாவற்றையும் பொறுக்கி வாசலில் போட்டான். "போச்சி மாமா, எல்லாமே போச்சி" என்றான். கிருஷ்ணப்பன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சரோஜம்மாளின் மாவுக்கட்டில் விழுந்த கீறலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூர்த்தி காரணம் கேட்டபோது மறைக்காமல் சொன்னார். மூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான்.

படகுக்காரன் படம் ரொம்பக் கெடவில்லை. பின்னால் ஒட்டிய துணியை மட்டும் யானை உரித்துத் தின்றுவிட்டு, முன்பக்கத்தைச் சப்பித் துப்பியிருந்தது. ஒரு மூலை கிழிந்திருந்தது. மேலெல்லாம் எச்சிலும் சேறும் அப்பியிருந்தன. சரோஜம்மாள் அதைக் கேட்டு வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, தண்ணீரில் துணியை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"விடுக்கா, எச்சி அது" என்றான் பாஸ்கரன்.

"கணேசன் வாயி பட்டது எச்சியாடா?" என்று அவனை அடக்கிவிட்டு, துடைத்துக்கொண்டே இருந்தாள். சேறு போயிற்று. சேற்றோடு, யானை வாயில் ஊறி இளகியிருந்த பழைய கறுப்பும் துணியில் வந்தது. அவள் துணியை அலசி மறுபடியும் துடைத்தாள். அப்புறம் கையை நிறுத்திவிட்டுப் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"என்னாங்க, இங்கெ வாங்க. மூட்டைன்னு சொன்னீங்களே?"

"ஆமா."

"மூட்டை இல்லீங்க. ஆளு."

கிருஷ்ணப்பன் குனிந்து பார்த்தார். படகின் அடியில், துடுப்புக்காரனின் காலுக்குப் பின்னால், நனைந்த போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் கிடந்தாள். முகத்தை மூடியிருந்தாள். ஒரு கை மட்டும் வெளியே நீண்டு, அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தது.

இவன் ஏன் ஓடாமல் நிற்கிறான் என்று இத்தனை வருஷம் அவரைக் குடைந்த கேள்விக்குப் பதில் அது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். பாஸ்கரனும் மூர்த்தியும் என்ன செய்வதென்று தெரியாமல் ஓட்டுக் குவியல் பக்கம் போய்விட்டார்கள். சரோஜம்மாள் ஈரக் கையை அவர் தலைமேல் வைத்தாள்.

"ஓடி வரும்போது பயமா இல்லியாங்க?"

"இருந்துச்சி" என்றார் கிருஷ்ணப்பன். "இப்பவும் இருக்குது, சரோஜா."

"எனக்கும் இருந்துச்சிங்க" என்றாள் அவள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து."